தட்டான் எந்தத் தண்ணீரில் பிறந்தது?

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதமும் நீ தொகுத்திருக்கும் உலகத் தட்டான்களின் படவரிசையும் வந்து சேர்ந்தன. படங்களுக்குக் கீழே நிறம், இறக்கை அகலம், நாடு எல்லாம் எழுதியிருக்கிறாய். எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்பது மட்டும் எதிலும் இல்லை. அதற்கும் ஒரு வரி ஒதுக்கு. பெரும்பாலான தட்டான்களின் வாழ்நாளில் பறக்கும் காலம் சில வாரங்கள்தான்; மற்றதெல்லாம் லார்வாவாக, அதாவது இறக்கை முளைக்காத இளம்பருவத்தில், தண்ணீருக்குள் கழிகிறது. அவற்றின் வியப்பான குணங்கள் பலவற்றுக்கும் காரணத்தை அங்கேதான் தேட வேண்டும்.

முதல் படமான பாந்தாலா பிளாவெசென்ஸையே எடுத்துக்கொள். கடல் கடக்கும் தட்டான் என்று போட்டிருக்கிறாய், சரி. ஏன் கடக்கிறது? அது முட்டையிடுவது மழையில் புதிதாகத் தேங்கிய ஆழமில்லாத குட்டைகளில். அங்கே மீன் இருக்காது, ஆனால் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். அதனால் லார்வா ஆறேழு வாரத்திலேயே வளர்ந்து வெளியேறிவிடுகிறது. வெளியே வந்ததற்குத் திரும்பிப் போகக் குட்டை இருக்காது. அடுத்த மழை எங்கே பெய்கிறதோ அங்கே போயாக வேண்டும். பின் இறக்கையின் அடிப்பகுதி அகன்றிருப்பதால் அதிகம் அடிக்காமல் காற்றில் மிதந்தே வெகுதூரம் போக முடிகிறது. நன்னீர் அரிதான மாலத்தீவில் அக்டோபரிலிருந்து இவை திரள் திரளாக வருவதைக் கவனித்த உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன், இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்கு மழைமேகப் பட்டையைத் தொடர்ந்து போகின்றன என்ற கருத்தை 2009-இல் வெளியிட்டார். போய்த் திரும்புவது ஒரே தட்டான் என்று மட்டும் எழுதிவிடாதே. அந்தச் சுற்றை முடிக்கப் பல தலைமுறைகள் ஆகும்.

இதற்கு நேர் எதிர் ஆஸ்திரேலியாவின் பெட்டலூரா ஜைகான்டியா. அதன் லார்வா சதுப்பு மண்ணில் வளை தோண்டி, குறைந்தது 6 ஆண்டுகள் உள்ளேயே வாழ்கிறது. இரவில் வளை வாய்க்கு வந்து இரை பிடிக்கிறது. நிலத்தடி நீர் வளையின் அடியை எட்டிக்கொண்டே இருந்தால்தான் அது பிழைக்கும். சதுப்பை வடித்தாலோ பக்கத்தில் ஆழமாக நீரை இறைத்தாலோ மேலே செடிகொடி பச்சையாகவே தெரியும், வளைகள் காய்ந்துவிடும். இத்தனை ஆண்டு வளரும் உயிருக்கு ஒரே ஒரு வறண்ட பருவம் போதும், பல ஆண்டுகளின் லார்வாக்கள் ஒன்றாகப் போய்விடும். 2021 டிசம்பரில் இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் தட்டானிலும் அதன் ஒல்லியான உறவான ஊசித்தட்டானிலும் 6,016 இனங்களை மதிப்பிட்டு, 16 விழுக்காடு அழியும் ஆபத்தில் இருப்பதாக அறிவித்ததே, அதற்கு முதன்மைக் காரணமும் நன்னீர் வாழிடங்கள் அழிவதுதான்.

நீ சேர்க்காமல் விட்ட எபியோபிளெபியா என்ற பேரினத்தைக் கட்டாயம் சேர். ஜப்பானிலும் இமயமலையிலும் குளிர்ந்த மலையோடைகளில் 5 முதல் 8 ஆண்டு லார்வாவாக இருக்கும். உடல் தட்டானுடையது, இறக்கை ஊசித்தட்டானுடையது. இரண்டு பிரிவிலும் அடங்காததால் தனியாகவே வைத்திருக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது மெகலோப்ரெபஸ் செருலேட்டஸ், ஹெலிகாப்டர் ஊசித்தட்டான். மத்திய, தென் அமெரிக்க மழைக்காடுகளில் வாழ்வது. இறக்கை விரிப்பு 19 செ.மீ. வரை போகும். சிலந்தி வலைக்கு முன்னால் அந்தரத்தில் நின்று, சட்டென்று முன்னேறிச் சிலந்தியைப் பறித்துக்கொண்டு பின்னால் வந்துவிடும். நீ இதை எழுதியிருக்கிறாய். லார்வா இருக்கும் இடத்தையும் எழுது: மரப்பொந்தில் தேங்கிய மழைநீர். கொசுப்புழு, தலைப்பிரட்டை எல்லாவற்றையும் தின்னும். அவை தீர்ந்தால் தன் இனத்தையே தின்னும். ஒரு லிட்டர்கூடப் பிடிக்காத சிறு பொந்தில் எத்தனை முட்டை பொரித்தாலும் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும். பெரிய பொந்தென்றால் இன்னும் சில தேறும், தின்பதற்கும் நிறைய கிடைக்கும். அதனால்தான் ஆண்கள் பெரிய பொந்துகளைக் காவல் காத்து, முட்டையிட வரும் பெண்ணோடு இணைகின்றன. காட்டில் வயதான பெருமரங்களை வெட்டிவிட்டால் முதலில் போவது இந்தப் பொந்துகள்தான்.

ஹவாயின் மெகலாக்ரியான் ஓஹுயென்ஸே என்ற ஊசித்தட்டானின் லார்வா தண்ணீரையே விட்டுவிட்டது. ஓஹு தீவில் பெரணிப் புதருக்கு அடியில் ஈரச் சருகுக்குள் வளர்கிறது. செவுள்கள் குட்டையாகத் தடித்து, மயிரோடு இருக்கும்.

தண்ணீர் என்று நம்பி ஏமாறுவதும் உண்டு. நீர்ப்பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி கிடைமட்டமாக முனைவாக்கம் பெற்றிருக்கும், அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் கிடைவாக்கில் மட்டுமே அதிரும். தட்டான் அதைப் பார்த்துத்தான் நீர்நிலையை அடையாளம் காண்கிறது. மெருகேற்றிய கறுப்புக் கல்லும் அடர்நிறக் காரின் மேற்பரப்பும் அதே ஒளியைத் தெறிக்கின்றன. ஹங்கேரியில் கறுப்புக் கல்லறைக் கற்களை நீராக எண்ணித் தட்டான்கள் சுற்றிவந்ததை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட பரப்பில் இட்ட முட்டை காய்ந்துபோகும். ஆகவே ஓரிடத்தில் தட்டான் முட்டையிட்டது என்பதும் அங்கே அது பெருகுகிறது என்பதற்குச் சான்றாகாது.

லார்வா தண்ணீரைவிட்டு ஏறித் தட்டானாக மாறும்போது உரித்துவிட்டுப் போகும் தோல், அதாவது சட்டைதான் சான்று. நீ கேட்டிருந்த சட்டை சேகரிப்பைப் பற்றிச் சொல்கிறேன். விடியற்காலையிலேயே போய்விடு, வெயில் ஏறி காற்றடித்தால் சட்டைகள் உதிரும், மழை வந்தால் ஒன்றுமே மிஞ்சாது. நீர்விளிம்பை ஒட்டிய தண்டுகளில் விரற்கடை உயரத்திலிருந்து இடுப்பளவு வரை பார், இலையின் அடிப்புறத்தையும் பார். தட்டான் இன்னும் பக்கத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தால் தொடாதே: இறக்கை விரிந்து இறுகும் முன் பட்ட மடிப்பு பிறகு நிமிராது. காய்ந்த சட்டையின் கால்கள் தண்டைக் கவ்வியிருக்கும். இழுத்தால் ஒடியும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு இளக்கி எடு, அல்லது தண்டோடு நறுக்கிக்கொள். அட்டைப்பெட்டியில் போட்டு, நாள், இடம், நீரின் வகை, உயரம் நான்கையும் உடனே எழுது. ஈரத்தோடு பிளாஸ்டிக்கில் அடைத்தால் பூஞ்சை பிடிக்கும். முதுகுப் பிளவில் வெள்ளை நூல்கள் தெரிந்தால் ஒட்டுண்ணி என்று பயப்படாதே. அவை மூச்சுக்குழல்களின் உள்தோல்.

இனம் காண, வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் ஊறவைத்து, தலைக்கடியில் மடிந்திருக்கும் நீண்ட கீழுதட்டை ஊசியால் மெல்ல இழு. தட்டையாக இருந்தால் ஏஷ்னிடே, கோம்பிடே, பெட்டலூரிடே போன்ற குடும்பங்கள். கரண்டிபோல் குழிந்து முகத்தை மூடினால் லிபெல்லுலிடே, கார்டூலிடே பக்கம் தேடு. கோம்பிடேயின் உணர்கொம்பு நான்கே கணுக்களோடு தடித்திருக்கும், அதில் ஐயமே வராது. ஊசித்தட்டானின் வாலில் மூன்று செவுள் இதழ்கள் இருக்க வேண்டும். சட்டையில் அவை பெரும்பாலும் உதிர்ந்திருக்கும், ஆகவே ஒல்லியான உடலையும் அகன்ற தலையையும் வைத்து முடிவுசெய்.

கடைசியாக ஒரு திருத்தம். இறக்கையைப் பாதி விரித்து உட்கார்ந்திருக்கும் அந்தப் பச்சைப் பூச்சியைத் தட்டான் வரிசையில் வைத்திருக்கிறாய். அது லெஸ்டெஸ், ஊசித்தட்டான். அந்தப் பேரினம் உட்காரும் விதமே அதுதான். நான்கு இறக்கைகளும் ஒரே அளவில் அடியில் குறுகியிருப்பதையும், கண்கள் தலையின் இரு ஓரங்களில் தள்ளி நிற்பதையும் படத்திலேயே பார்க்கலாம். கண்ணை மட்டும் நம்பாதே, கோம்பிடேக்கும் கண்கள் விலகித்தான் இருக்கும். அந்தப் படத்தை இடம் மாற்றி, தண்ணீர் வரியையும் சேர்த்து அனுப்பு. முழுவதையும் ஒருமுறை சரிபார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்