போர்டுக்காரனின் நன்றி

வணக்கமுங்க.

நேற்று விடியற்காலை ஐந்து மணிக்குக் கடையைத் திறந்துவிட்டேன். பால் வந்தது, தேங்காய் பன் தட்டு வந்தது, முதல் டீ வழக்கம்போல லாரி டிரைவருக்குப் போனது. கரும்பலகை மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. அது வந்ததும் அதிலேயே நன்றி எழுதலாம் என்றுதான் இருந்தேன். நாலடிக்கு மூணடிப் பலகையில் இது அடங்காது என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறேன்.

கடை வாசல் கரும்பலகையில் தினமும் அரசியல் எழுதுகிறவன் நான். அதில் ஒரு வரியில் இருந்த ஒரு வார்த்தைக்காகப் புகார் வந்து, என்னைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனார்கள். அதற்கு மேல் என்ன நடந்தது என்று மறுபடி சொல்லப் போவதில்லை. ஊருக்கே தெரியும். என்னைவிட விவரமாகத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். என்னைச் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டதாக மேற்குத் தெருவில் பேசிக்கொண்டார்களாம். அந்த மூன்று நாளில் நான் போன மொத்தத் தூரம் ஒன்றரைக் கிலோமீட்டர். போனது ஸ்கூட்டரில், பின்னால் உட்கார்ந்து.

அந்த வரியில் இருந்த அந்த ஒரு வார்த்தையை நான் எழுதவில்லை என்பதும் இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அது எப்படித் தெரியவந்தது என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் மற்றவர்களுக்கு.

கடையை ஒருநாள் கூட மூடாமல் பார்த்துக்கொண்ட டீ மாஸ்டர் தம்பிக்கு. ராத்திரி பதினொன்று வரைக்கும் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஆட்டோ ஸ்டாண்டு அண்ணன்மாருக்கு. கேட்காமலே மின்விசிறியை என் பக்கம் திருப்பிவைத்த அந்தக் காவலருக்கு. பூக்கார அக்காவுக்கு, வாட்ஸாப்பில் ஆதரவாக எழுதியவர்களுக்கு, எதிர்த்து எழுதினாலும் கெட்ட வார்த்தை போடாதவர்களுக்கு. "கைது பண்ணினா 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணுமுங்க, அரசியல் சட்டத்துல 22ஆவது பிரிவு" என்று குரலை உயர்த்தாமல் சொல்லிவிட்டு, அப்புறம் ஃபீஸ் எவ்வளவு என்று நான் கேட்டதற்கு ஒரு கிலோ வர்க்கி மட்டும் வாங்கிக்கொண்டு போன வக்கீல் தங்கச்சிக்கு. "இனிமே சினிமா பத்தி எழுதுங்க" என்பதோடு நிறுத்திக்கொண்ட என் வீட்டுக்காரம்மாவுக்கு. எல்லோருக்கும் நன்றி. "இதெல்லாம் உனக்கு எதுக்கு?" என்று போன் போட்டவர்களுக்கும்தான். அந்தக் கேள்வியை நானும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தேன்.

ஒரு விஷயம் மட்டும் வேண்டாமுங்க. என்னை ஆனந்த விகடன் ஆசிரியராக இருந்த பாலசுப்ரமணியன் அவர்களோடு ஒப்பிட்டு யாரோ ஒரு படம் போட்டிருந்தார்கள். 1987இல் அட்டையில் வந்த ஒரு ஜோக்குக்காகச் சட்டமன்றம் அவருக்கு மூன்று மாதக் கடுங்காவல் போட்டது. மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று சிறைக்குப் போனார். நான் ஸ்டேஷனில் முதல் பத்து நிமிஷத்தில் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டுவிட்டேன், எதற்கு என்று தெரியாமலேயே. அந்தப் படத்தை எடுத்துவிடுங்கள்.

சரி, இப்போது விஷயத்துக்கு.

காலை ஆறு மணி வாக்கில் நம் கடைக்கு ஒரு பெரியவர் வருவார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சர்க்கரை இல்லாமல் ஸ்ட்ராங்காக ஒரு டீ. வெளியே போர்டுக்கு எதிரே இருக்கும் சிமெண்ட் திண்டில் உட்காருவார். யார் என்று உங்களில் பாதிப் பேர் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். பெயரைச் சொல்லாதீங்க. "பேரெல்லாம் போட்டுறாதீங்க, எங்க கட்சிக்காரங்க என்னைய உரிச்சுப்போடுவாங்க" என்று கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் கட்சி எது என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் வாரத்துக்கு மூன்று நாளாவது எழுதியிருப்பேன். இந்த நாலு வருஷத்தில் அவர் என்னிடம் பேசியது "டீ", "சில்லறை இல்லீங்களா?" என்பது போல ஏழெட்டு வார்த்தை இருக்கும். எழுதியதைப் படித்துச் சிரித்ததும் இல்லை, முகம் சுளித்ததும் இல்லை. மற்றவர்கள் போர்டைப் போட்டோ எடுப்பார்கள், தோளில் தட்டுவார்கள், "செமையா போட்டிருக்கீங்க" என்பார்கள். இவர் மடியில் எதையோ வைத்துக் குனிந்து எழுதிக்கொண்டிருப்பார். பென்ஷன் கணக்கோ, சீட்டுக் கணக்கோ என்று நினைத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவர் ஒரு மஞ்சப்பையோடு ஸ்டேஷனுக்குள் வந்தார். என்னை எதிர்த்து இன்னொரு புகார் வருகிறது என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். வயிற்றைக் கலக்கியது.

பையிலிருந்து நாலு நோட்டு எடுத்து மேஜைமேல் அடுக்கினார். நாலாவதைப் பிரித்து, அந்தத் தேதியைத் தேடி, விரலை வைத்துக் காட்டினார். நான் காலையில் எழுதிய வரி அப்படியே இருந்தது, நேரத்தோடு: 6.10. அந்த வார்த்தை அதில் இல்லை.

"நீங்க இவருக்குச் சொந்தமுங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

"இல்லீங்க. எனக்கு இவரைப் புடிக்கவே புடிக்காது. இவரு எழுதறது பாதி தப்பு, மீதி எங்க கட்சிக்கு எதிரா. ஆனா அந்த வார்த்தையை இவரு எழுதலீங்க. ராத்திரி யாரோ சேர்த்திருக்காங்க. இவரோட 'ழ' இப்படி இருக்காது."

எனக்கு எதிராகப் புகார் கொடுத்தவர்கள் அவருடைய கட்சிக்காரர்கள். அவர்களும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. நோட்டை விட்டுவிட்டு, பையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். மொத்தம் ஆறேழு நிமிஷம்.

அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சீக்கிரமாகவே முடிந்தது. வீட்டுக்கு வரும்போது நோட்டுகளை என்னிடம் கொடுத்து அவரிடம் சேர்த்துவிடச் சொன்னார்கள். நான் உடனே சேர்க்கவில்லை. அன்று ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

இடதுபக்கம் நீல மையில் நான் எழுதியது. வலதுபக்கம் சிவப்பு மையில் அவர் எழுதியது. நாலு வருஷமும் இப்படித்தான்.

"இந்தியாவிலேயே ஒரே முறை: 2008இல் ராஜஸ்தானின் நாத்துவாராவில் சி.பி. ஜோஷி ஒரே ஓட்டில் தோற்றார்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை விசித்திரம் போட்டிருந்தேன். பலபேர் அதைப் போட்டோ எடுத்தார்கள். சிவப்பு மையில்: "ஒரே முறை இல்லை. 2004, கர்நாடகா, சாந்தேமரஹள்ளி. 40,752 – 40,751. நூலகத்தில் பார்த்தது." ராதாபுரத்தில் 2016இல் 49 ஓட்டு வித்தியாசம் என்பதை நான் 94 என்று மாற்றிப் போட்டிருக்கிறேன். அதற்கு ஒரு வட்டம் மட்டும். மொடக்குறிச்சியில் 1996இல் விவசாயிகள் தங்கள் கோரிக்கைக்காகக் கும்பலாக நின்று, 1,033 வேட்பாளர்களோடு வாக்குச்சீட்டே புத்தகம் போல ஆன கதையை எழுதிவிட்டு, "அதற்கப்புறம்தான் டெபாசிட்டை 25,000 ஆக்கினார்கள்" என்று முடித்திருந்தேன். நம் பக்கத்துத் தொகுதிக் கதை, அதிலேயே தப்பு. அவர் பொறுமையாக எழுதியிருந்தார்: "அந்த வருஷம் உயர்த்தியது சட்டமன்றத்துக்கு 5,000, நாடாளுமன்றத்துக்கு 10,000. இப்போது உள்ளது 10,000, 25,000. மூன்றையும் குழப்பிவிட்டார்."

நோட்டா விஷயம்தான் ரொம்ப உறுத்தியது. நோட்டா முதலிடம் வந்தால் மறுதேர்தல் நடக்கும் என்று 2024 தேர்தல் சமயத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். அதை நம்பி நாலு பையன்கள் கடையிலேயே சபதம் எடுத்துக்கொண்டார்கள். உண்மை என்னவென்றால், மகாராஷ்டிராவிலும் ஹரியானாவிலும் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் 2018இல் அப்படி ஒரு விதி கொண்டுவந்தார்கள். நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் அது கிடையாது. நோட்டா எவ்வளவு வாங்கினாலும், வேட்பாளர்களில் யாருக்கு அதிகமோ அவர்தான் ஜெயித்தவர். அந்தத் தேர்தலிலேயே இந்தூரில் நோட்டாவுக்கு 2,18,674 ஓட்டு விழுந்து இரண்டாம் இடம் வந்தது. இதெல்லாம் அந்த நோட்டில் இருக்கிறது. தேர்தல் முடிந்த பிறகும் நான் திருத்தம் போடவில்லை என்று அடுத்த இரண்டு வாரம் தினமும் ஒரு சின்னக் கேள்விக்குறி.

இப்படி மொத்தம் அறுபத்தி மூன்று தப்பு எண்ணினேன். ஏன் ஒருநாள் கூட நேரில் சொல்லவில்லை என்று கோபம்கூட வந்தது. யோசித்தால், சொல்லியிருந்தாலும் "கட்சிக்காரர், அப்படித்தான் பேசுவார்" என்று டீயை ஆற்றிக்கொண்டே ஒதுக்கியிருப்பேன். அதுவும் உண்மை.

தகவல் தப்பைத் திருத்திக்கொள்ளலாம். கருத்து எழுதிய நாட்களுக்கு அவர் எழுதியிருந்த பதில்களைத்தான் படிக்க முடியவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் மரத்தடியில் உட்கார்ந்து கதை பேசிச் சம்பளம் வாங்குகிறார்கள், தோட்ட வேலைக்கு ஆள் இல்லை என்று ஒருமுறை எழுதினேன். நம் பக்கத்தில் அப்படி எழுதினால் கைதட்டல் நிச்சயம், கிடைக்கவும் கிடைத்தது. வலதுபக்கம்: "என் தங்கச்சி போகிறாள். அறுபத்தொரு வயது. மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்ததைப் பார்த்தவர், காலையில் குளத்தில் மண் வெட்டியதைப் பார்க்கவில்லை." அவ்வளவுதான். திட்டு எதுவும் இல்லை. அதைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

பாராட்டும் உண்டு, ஒன்றே ஒன்று. குஜராத்தில் கிர் காட்டுக்குள் பானேஜ் என்ற இடத்தில் ஒரே ஒரு கோயில் பூசாரியின் ஓட்டுக்காகத் தேர்தல் அதிகாரிகள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் வாக்குச்சாவடி போட்டார்கள் என்று எழுதியிருந்தேன். அதற்கு எதிரே: "நல்லா இருக்கு. ஒத்தைச் சாளை வீட்டுக்குக் கரண்ட் குடுக்க நாங்க பதினோரு கம்பம் நட்டோம்." மற்ற நாட்களில் எழுத்து நடையில் எழுதுகிறவர், அன்றைக்கு மட்டும் பேசுகிற மாதிரியே எழுதியிருக்கிறார்.

நான் எழுதுவதை ஐந்நூறு பேர் படிக்கிறார்கள் என்று ஒரு மிதப்பு எனக்கு இருந்தது, மறைக்கவில்லை. அந்த ஐந்நூறு பேரில் என் எழுத்தை அடுத்தநாளும் வைத்திருந்தவர் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் நான் சொன்னது பிடித்திருந்தது, அதனால் சரிதானா என்று யாரும் பார்க்கவில்லை. எழுதிய நானும் பார்க்கவில்லை.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். போர்டு திரும்பி வந்த நாளிலிருந்து கொஞ்ச நாளைக்குச் செய்தியும் இல்லை, கருத்தும் இல்லை. அறுபத்தி மூன்று திருத்தங்களையும் வரிசையாகப் போடப் போகிறேன், ஒரு நாளைக்கு மூன்று வீதம். மூன்று வாரம் ஆகும். அப்புறம் எந்த எண் எழுதினாலும் கிளை நூலகத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவது. அரசியல் எழுதுவதை விடமாட்டேன், வீட்டுக்காரம்மா மன்னிக்கணும். அந்தக் கட்சியைப் பற்றியும் எழுதுவேன்.

இன்று காலை நோட்டுகளைத் திருப்பிக் கொடுத்தேன். அதோடு புதிதாக ஒரு இருநூறு பக்க நோட்டும், இரண்டு பேனாவும், நீலம் ஒன்று, சிவப்பு ஒன்று. நோட்டை வாங்கிக்கொண்டார். போர்டின் ஓரத்தில் அவருக்கு ஒரு கட்டம் ஒதுக்குகிறேன், பதிலை அங்கேயே எழுதுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். "போர்டுல எழுதினா மறுநாள் அழிச்சுப்போடுவீங்க" என்று மறுத்துவிட்டார்.

டீ கொடுத்தேன். சர்க்கரை இல்லாமல், ஸ்ட்ராங்காக. குடித்துவிட்டு எழுந்தவர் வழக்கம்போலப் பதினைந்து ரூபாயை மேஜையில் வைத்தார். "அய்யா, இனிமேல் உங்களுக்கு இந்தக் கடையில் என்றைக்கும் டீக்குக் காசு கிடையாதுங்க" என்றேன்.

"இலவசம் வாங்கறவங்களைப் பத்தி நீங்க எழுதினது ரெண்டாவது நோட்டுல இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு, காசை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுப் போய்விட்டார்.