வெயிட்லிஸ்ட்டில் 4

கோத்தகிரி,
ஞாயிறு இரவு

அன்புக் கண்ணு,

ஆர்கானிக் கெமிஸ்ட்ரி நிறைந்துவிட்டது, வெயிட்லிஸ்ட்டில் 4-ஆவது இடம் காட்டுகிறது, பெயர் போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடு. அதற்கு முன்னால் 12 யூனிட்டுக்கு உறுதியான இடம் பிடித்து வைத்துக்கொள். அமெரிக்காவின் எஃப்-1 மாணவர் விசாவில் இளநிலை மாணவருக்கு ஒரு பருவத்துக்கு 12 யூனிட் இருந்தால்தான் முழுநேரம். வரிசையில் நிற்கும் யூனிட் அந்தக் கணக்கில் சேராது. ஆன்லைன் வகுப்பை வைத்து ஒப்பேற்றலாம் என்று நினைக்காதே, ஒரு பருவத்துக்கு அதில் 3 யூனிட்தான் செல்லும்.

நீலகிரி எக்ஸ்பிரஸ் டிக்கெட்டைப் பார்ப்பது போல 4 என்ற எண்ணை மட்டும் பார்க்காதே. 200 பேர் உட்காரும் லெக்சர் என்றால் 15 கூட நகரும். 24 பேர் லேபில் 4 என்பதே கனமான எண்தான்: நச்சுப் புகையை உறிஞ்சும் ஃபியூம் ஹூட் எத்தனை இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் இடம், பேராசிரியர் மனமிரங்கினாலும் ஒரு ஸ்டூல் கூடுதலாகப் போட முடியாது. லெக்சரில் இடம் காலியானாலும், அதோடு இணைந்த லேப் நிறைந்திருந்தால் உன்னைத் தாண்டிப் போய்விடும். ஆகவே எந்த லேப் செக்‌ஷனில் நிற்கிறாய் என்று பார். வெள்ளிக்கிழமை சாயங்கால லேபுக்கு எவரும் ஆசைப்படுவதில்லை. உனக்கு ஒத்துவந்தால் அங்கே நில்.

இடம் தினமும் காலியாகாது. ஃபீஸ் கட்டாதவர்கள் பெயரை அடிக்கும் நாளில் ஒரு கொத்து, முதல் வகுப்புக்கு வராதவர்களை நீக்கும்போது இன்னொரு கொத்து. நடுவில் எண் அசையவில்லை என்று வெளியே வந்துவிடாதே, திரும்பச் சேர்ந்தால் கடைசியில்தான் நிற்பாய்.

முறை வந்தும் இடம் கிடைக்காமல் போவது பெரும்பாலும் நேர மோதலால். கையிலுள்ள வகுப்பும் இதுவும் பத்து நிமிடம் ஒன்றின்மேல் ஒன்று விழுந்தாலும் கல்லூரியின் பதிவு போர்ட்டல் உன்னை விட்டுவிட்டு அடுத்தவரைச் சேர்த்துவிடும். ‘இது கிடைத்தால் அதை விடு’ என்று மாற்றிக்கொள்ளும் வசதி இருந்தால் அதில் போடு. ஒரு பருவத்தில் எடுக்கக்கூடிய யூனிட் உச்சவரம்பையும் பார். தானாகச் சேர்ப்பார்களா, மெயில் அனுப்பிக் கெடு வைப்பார்களா என்று ரெஜிஸ்ட்ரார் ஆபீஸில் கேள். கெடு என்றால் கல்லூரி மெயிலைக் காலையும் இரவும் திறந்து பார். உனக்குத்தான் அந்தப் பழக்கமே கிடையாது.

முதல் நாள் லெக்சருக்கும் லேபுக்கும் போய் உட்கார். லேபில் அன்றைக்குப் பாதுகாப்பு விதிகள் சொல்லுவார்கள், அதைத் தவறவிட்டவருக்குப் பிறகு இடம் தர யோசிப்பார்கள். பேராசிரியர் உன்னைச் சேர்க்க அனுமதி எண் கொடுத்தால் அதோடு வேலை முடியவில்லை. கடைசித் தேதிக்குள் நீதான் போர்ட்டலில் போட வேண்டும். முதல் வாரம் முடியும்போதும் 3, 4-இலேயே நின்றால் விட்டுவிட்டு, கையிலுள்ள வகுப்பில் மனசை வை.

அங்கே காலை 8 என்றால் இப்போது இங்கே இரவு 8.30. முதல் லேப் முடிந்ததும் எண் என்ன ஆனது என்று சொல்லு. மழைக்கு இரண்டு நாளாக டவர் சரியில்லை, கிடைக்காவிட்டால் லேண்ட்லைனில் கூப்பிடு.

அம்மா