ரிஷியூர் சகோதரிக்கு விழா எடுக்க உதவியவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளியில், இளம் விதவைகளைப் படிக்கவைத்த சகோதரி சுப்புலட்சுமிக்காக வைத்த இரண்டு நாள் கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. பிறந்தது மயிலாப்பூர் என்றாலும் அவருக்குப் பூர்வீகம் ரிஷியூர். இங்கிருந்து சைக்கிளிலேயே போய்விடலாம். டீச்சர் வேலையில் காலம் தள்ளிய நானே ஓய்வு பெற்ற பிறகுதான் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். வெட்கம்தான்!

முதல் நன்றி பிளெக்ஸ் கடைத் தம்பிக்கு. சுப்புலட்சுமி என்றதும் எம்.எஸ். அம்மாவைத் தம்புராவோடு அச்சடித்துவிட்டார். "இவர் பாடியவர் இல்லை தம்பி, சின்ன வயதிலேயே கணவரை இழந்து, 1911-இல் மாநிலக் கல்லூரியில் பி.ஏ. முடித்தவர்" என்றேன். ராத்திரியே வேறு அடித்து வந்து கட்டினார். காசு வாங்கவில்லை.

அக்ரஹாரத்துப் பாட்டி தன் அத்தையின் நார்மடிப் புடவையைக் கொடுத்தார். அந்தக் காலத்தில் விதவைகள் கட்டிய, கரையில்லாத, மங்கிய பழுப்புத் துணி. "இதை எத்தனை நாள் கட்டுவாங்க?" என்று ஆறாம் வகுப்புப் பெண் கேட்டாள். "சாகற வரைக்கும்" என்றார் பாட்டி. 1912-இல் சகோதரி எதற்காக இளம் விதவைகளைத் தன் வீட்டிலேயே வைத்துப் படிக்கவைத்தார் என்று நான் எழுதிவைத்த இரண்டு பக்கத்தை அப்புறம் வாசிக்கவே இல்லை.

பையன்களுக்குப் பிடித்தது சென்னை ஐஸ் ஹவுஸ் படம். அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியை அடுக்கிய கட்டடம், பிறகு சகோதரி படிக்கவைத்த அந்த விதவைப் பெண்களுக்கு விடுதியானது. 1922-இல் லேடி வெலிங்டன் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி, 1958-இல் பத்மஸ்ரீ எல்லாம் அவர்கள் காதில் ஏறவில்லை. சரி, போகட்டும்.

இரண்டாம் நாள் மழை. கொள்முதல் நிலையத்துச் சுமைதூக்கும் அண்ணன்மார் படுதாவோடு ஓடிவந்தார்கள். வெளியே நெல் மூட்டை கிடக்க, படங்களுக்கு முதலில் போர்த்தியதை மறக்க மாட்டேன்.

கடைசியாக, இருநூறு பேருக்குப் புளியோதரை கிளறிய மகளிர் குழு அக்காமார். சகோதரியின் சித்தி வாலாம்பாளும் ஒரு விதவைதான். சமையல்கட்டையும் விடுதிப் பிள்ளைகளையும் அவர் பார்த்துக்கொண்டதால்தான் சகோதரியால் வெளியே அலைய முடிந்தது. சித்திக்கென்று தனியாக ஒரு படம் வைக்கச் சொன்னதும் இந்த அக்காமார்தான்.

ஒரு எவர்சில்வர் அண்டா மட்டும் என் வீட்டில் இருக்கிறது. அடியில் 'கா.வி.' என்று பெயர் வெட்டியிருக்கிறது. உரியவர்கள் வந்து வாங்கிக்கொள்ளவும்.