அண்ணா சைக்கிள் போட்டிப் பிள்ளைகளுக்குக் கைகொடுப்போம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கூட்டமாக சைக்கிள் ஓட்டிப் போகிறவர்களில் நானும் ஒருவன். இந்தக் கடிதம் என் அக்கா மகள் ஓட்டிய பந்தயத்தைப் பற்றியது.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கிற அவள், போன வருஷம் அண்ணா பிறந்தநாள் மிதிவண்டிப் போட்டியில் கலந்துகொண்டாள். 13, 15, 17 வயதுக்குட்பட்டோர் என்று மூன்று பிரிவு. அவள் பிரிவில் மாணவிகளுக்கு 15 கிலோமீட்டர். கியர் வண்டிக்கு அனுமதி இல்லை. இந்தியாவில் தயாரான, சாதாரண கைப்பிடி வைத்த சைக்கிள்தான். எனக்கு மிகவும் பிடித்த விதி இது. வசதியான வீட்டுப் பிள்ளையும், மளிகைக் கடைக்குப் போய்வருகிற வண்டியை எடுத்து வந்த பிள்ளையும் ஒரே கோட்டில் நிற்கலாம்.

ஆனால் நின்றவர்களைப் பார்த்து மனசு கேட்கவில்லை. பல வண்டிகளில் சீட் மிகவும் தாழ்வாக இருந்தது. மிதிக்கும்போது முழங்கால் கைப்பிடியில் இடித்தது. ஒரு சிறுமியின் பின் டயரை அமுக்கிப் பார்த்தேன், கட்டைவிரல் உள்ளே போனது. ஸ்பானரும் பம்பும் கையோடு இருந்ததால் ஏழெட்டு வண்டிகளைச் சரிசெய்தேன், அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். எல்லாரும் எழுந்து நின்று மிதித்தார்கள். இரண்டாவது கிலோமீட்டரிலேயே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது. அப்புறம் ஆளுக்கொரு பக்கமாக எதிர்காற்றோடு மல்லுக்கட்டினார்கள்.

முன்னே போகிறவரின் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிப் போனால், நல்ல வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பு மிச்சம். அதனால்தான் நாங்கள் முறைவைத்து ஓட்டுகிறோம். ஒருவர் ஓரிரு நிமிஷம் முன்னால் போய் எதிர்காற்றைத் தாங்கிக்கொள்வார், பிறகு ஒதுங்கிக் கடைசிக்கு வருவார். முட்டுக்காடு பாலத்தில் பக்கக்காற்று அடித்தால், முன்னவரின் நேர் பின்னால் இல்லாமல் காற்று படாத பக்கமாகச் சற்றுத் தள்ளி வரவேண்டும். பள்ளத்தைப் பார்த்தவர் கையைக் கீழே காட்டுவார். யாரும் சட்டென்று பிரேக் பிடிக்கக் கூடாது. இதெல்லாம் எனக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் தெரிந்தது.

ஊருக்கு ஊர் எங்களைப் போன்ற குழுக்கள் இருக்கின்றன. ஆகஸ்டில் நான்கு ஞாயிறு மட்டும் நம் சவாரியை விட்டுவிட்டு, பக்கத்து அரசுப் பள்ளி மைதானத்துக்குப் போவோம். முதல் வாரம் சீட் உயரம், டயர் காற்று, பிரேக். அடுத்து நேராக ஓட்டுவதும் கைச்சைகையும். அதெல்லாம் கை வந்த பிறகுதான் இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் ஒட்டிப் போவது. நம் வீடுகளில் சும்மா தொங்குகிற, அடிபடாத ஹெல்மெட்டுகளையும் கொடுத்துவிடலாம்.

மாவட்ட அதிகாரிகளிடமும் ஒன்று கேட்கிறேன். அந்த ஒரு மணி நேரம் சாலையை முழுதாக நிறுத்துங்கள். அன்று கடைசித் திருப்பத்தில் பிள்ளைகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே புகுந்தது. ஒதுங்கப் போய் என் அக்கா மகள் மண்ணில் விழுந்தாள். முட்டியில் ரத்தத்தோடு எழுந்து, கழன்ற செயினைத் தானே மாட்டிக்கொண்டு, எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டுத்தான் அழுதாள்.

ஜெயித்த பிள்ளைக்கும் பரிசுத்தொகையோடு கதை முடிந்துவிடுகிறது. மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் சைக்கிள் பந்தயத் தளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் விளையாட்டின் சைக்கிள் தளப் பந்தயங்கள் அங்கேதான் நடந்தன. சென்னையிலும் செங்கல்பட்டிலும் முதல் பத்து இடத்துக்குள் வந்த பிள்ளைகளை ஒரு நாளாவது அங்கே கூட்டிப்போய் ஓட்டவைக்கக் கூடாதா?

போன வருஷம் போட்டித் தேதி எங்களுக்கு நான்கு நாள் முன்புதான் தெரிந்தது. இந்த முறை ஆகஸ்டிலேயே கேட்டு வாங்கி உங்கள் இதழில் வெளியிடுங்கள். அக்கா மகளும் அவள் தோழிகள் மூன்று பேரும் இப்போதே பழக ஆரம்பித்துவிட்டார்கள்.

– வாசகர் ஒருவர், கேளம்பாக்கம்