நாட்டு நாய்களின் உறைவிந்து அரசு வங்கியில் இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால்தலை வெளியிட்டார்கள். சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்று பெயர் சொல்லிப் பெருமைப்படுவதற்கும் நம்மிடம் குறைவில்லை. ஆனால் அந்தப் பெயர்களுக்கு உரிய நாய்கள் கோவில்பட்டி, சாத்தூர், வேம்பக்கோட்டை வட்டாரக் கிராமங்களில் வருடத்துக்கு வருடம் குறைந்துகொண்டே வருகின்றன. முயல் வேட்டை சட்டப்படி குற்றமான பிறகு அவற்றுக்கு வேலை இல்லாமல் போயிற்று. வேலை போனதும், ஓட்டத்துக்கும் மூச்சுப் பிடிப்புக்கும் பார்த்துப் பார்த்து இணை சேர்த்த பெரியவர்களின் கணக்கும் அவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. நல்ல கடுவன் ஒன்று வயதாகிச் செத்தால், அந்த வம்சமே அத்தோடு முடிந்துவிடுகிறது.

கால்நடைப் பராமரிப்புத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். ஈச்சங்கோட்டை, ஊட்டி நிலையங்களின் உறைவிந்துக் குச்சிகளை, அதாவது உறையவைத்த விந்து அடைத்த மெல்லிய குழல்களை வைத்து மாடுகளுக்குச் சினை ஊசி போட்டே என் பணிக்காலம் கழிந்தது. செத்துப்போன காளையின் கன்றுகள் தொழுவத்தில் துள்ளுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். மைனஸ் 196 டிகிரியில், திரவ நைட்ரஜனில் மூழ்கியிருக்கும் வித்துக்கு வயது ஏறுவதில்லை. மாட்டுக்குக் கிடைத்த இந்த வசதி நாட்டு நாய்க்கு ஏன் கிடைக்கக் கூடாது என்பதுதான் என் கேள்வி. பாலூட்டிகளில் செயற்கைக் கருவூட்டல் வென்றதாக முதன்முதலில் பதிவானதே நாயில்தான். 18-ம் நூற்றாண்டில் இத்தாலிய விஞ்ஞானி ஸ்பல்லன்சானி செய்த அந்தச் சோதனையில் மூன்று குட்டிகள் பிறந்தன. உறைவிந்தில் நாய்க்குட்டி பிறந்தது 1969-ல். இது புதிய வித்தை அல்ல.

ஆனால் மாட்டுக்கு ஊசி போடத் தெரிந்தவர்களெல்லாம் நாய்க்கும் போட்டுவிடலாம் என்று நினைப்பது பெரும் தவறு. எனக்குத் தெரிந்த ஒருவரின் கன்னி நாய்க்கு இப்படித்தான் நடந்தது. ரத்தப்போக்கு தொடங்கிய நாளிலிருந்து விரல் விட்டு எண்ணி, ஒருவர் திரவ நைட்ரஜன் கேனோடு வந்து குச்சியைச் செலுத்திவிட்டுக் கணிசமான பணத்தையும் வாங்கிக்கொண்டு போனார். சினை பிடிக்கவில்லை. பிடிக்காது என்பது முன்பே தெரிந்த விஷயம்தான்.

மாட்டில் காலையில் பருவம் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. பெட்டை நாயின் உடம்பு வேறு மாதிரி. அதன் கருமுட்டை வெளிவரும்போது முதிர்ந்திருப்பதில்லை; முதிர இன்னும் இரண்டு, மூன்று நாள் ஆகும். இயற்கையாக இணை சேர்ந்தால் கடுவனின் உயிரணுக்கள் பெட்டையின் உடலுக்குள் பல நாள் உயிரோடு காத்திருக்கும். உறையவைத்து இளக்கிய உயிரணுக்களுக்கோ ஒரு நாள் தாங்குவதே அரிது. அந்த ஒரு நாளும் முட்டை முதிரும் நாளும் ஒன்றாக அமைய வேண்டும். அதற்கு நாள் எண்ணுவது உதவாது. ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனின் அளவை இரண்டு நாளுக்கு ஒருமுறை பார்த்து, அது ஏறும் விதத்தை வைத்துத்தான் நாள் குறிக்க முடியும்.

செலுத்தும் முறையும் வேறு. மாட்டில் ஆசனவாய் வழியே கைவிட்டுக் கருப்பை வாயைப் பிடித்துக்கொள்கிறோம். நாயில் அதற்கு வழியில்லை. பாதை நீளமாகவும் குறுகலாகவும் இருக்கும்; கருப்பை வாய் ஆழத்தில், எளிதில் அகப்படாத கோணத்தில் இருக்கும். உறைவிந்தை அதற்கும் அப்பால் கருப்பைக்குள்ளேயே விட்டால்தான் பலன். எண்டோஸ்கோப் வைத்துப் பார்த்துக்கொண்டே மெல்லிய குழாயைச் செலுத்தப் பழகிய மருத்துவரின் கை வேண்டும். வயிற்றைக் கிழித்துச் செலுத்துகிற முறையும் உண்டு. நார்வேயும் சுவீடனும் அதை அனுமதிப்பதில்லை. குட்டிக்காக ஒரு வாயில்லா ஜீவனைக் கத்தியில் வைப்பதை நாமும் அனுமதிக்கக் கூடாது.

ஆகவே இந்த வேலையைக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் கையில் எடுக்க வேண்டும். சைதாப்பேட்டையில் அரசு நடத்திய நாய் இனப்பெருக்க நிலையம் பற்றிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது நினைவிருக்கும். நாய்களைக் கூண்டில் அடைத்து இனம் காப்பதில் உள்ள சிக்கல் அது. வித்து வங்கிக்குக் கூண்டு வேண்டியதில்லை. நாய் தன் வீட்டுத் திண்ணையிலேயே இருக்கும். குழு வந்து வித்தை மட்டும் எடுத்துப் போகும்.

எந்த நாயிடம் எடுப்பது என்பதில்தான் கண்டிப்பு வேண்டும். காளையிடம் ஒருமுறை சேகரித்தால் நூற்றுக்கணக்கில் குச்சிகள் கிடைக்கும். நாயிடம் கிடைப்பது சில முறை கருவூட்டவே போதும். ஆகவே விலை ஏறும். கண்காட்சியில் கோப்பை வாங்கிய ஒரே நாயின் வித்துக்கு ஆளாளுக்குப் போட்டி போடுவார்கள். பத்து ஊர்க் குட்டிகளுக்கும் ஒரே தகப்பன் என்றால், அடுத்த தலைமுறையில் அண்ணன் தங்கையையே இணை சேர்க்க நேரும். வெள்ளை ராஜபாளையத்தில் பிறவிச் செவிடு இருப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரியும். அப்படிப்பட்ட குறையைச் சுமக்கும் கடுவனின் வித்து வங்கிக்குள் போய்விட்டால், அது செத்து இருபது வருடம் கழித்தும் செவிட்டுக் குட்டிகள் பிறக்கும். கேட்கும் திறன் சோதனையும் இணை சேர்வதில் பரவிக் கருச்சிதைவு உண்டாக்கும் புரூசெல்லா கிருமிக்கான சோதனையும் முடியாமல் ஒரு குச்சிகூட உள்ளே போகக் கூடாது. ஒரு நாய்க்கு இத்தனை ஈத்துதான் என்று வரம்பும் வேண்டும்.

கோப்பை வாங்கிய நாய்களைத் தேடிப் போவதை விட, கரிசல் காட்டில் ஆட்டுக்கிடைக்குக் காவல் இருக்கிற, பெயர் பதியாத நாய்களிடம் முதலில் போக வேண்டும். எந்தத் தெருவில், யார் வீட்டில், எந்த வழி வந்த நாய் நிற்கிறது என்று எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஊழியர்களுக்குத் தெரியும். குழு வந்தால் கூடவே நடந்து காட்டத் தயாராக இருக்கிறோம். இந்தக் கோடைக்குள் வந்தால் நல்லது. நான் அறிந்த நல்ல கடுவன்களில் பலவற்றுக்கு இப்போதே வயதாகிவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர்,
கோவில்பட்டி.