விலைப்பட்டியலோடு வந்த பாட்டு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் எங்களுக்கெல்லாம் நிம்மதி. இங்கே சுமதிக்கு முட்டி வலிதான், லண்டன் குளிரில் கூடிவிடுகிறது. மற்றபடி சுகம்.

ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். சிரிக்காதே, பழைய இசைத்தட்டுக் கடைகளில் போகிறது. பங்க் என்ற முரட்டு ராக் இசையின் அலை அடித்த கையோடு, 1977 முதல் இங்கே பையன்களும் பெண்களும் பெரிய கம்பெனிகளை நம்பாமல் தாங்களே போட்ட ஏழு அங்குலத் தட்டுகள். இந்த இசையைப் போஸ்ட்-பங்க் என்கிறார்கள். அந்தக் காலத்தில் இவை என் காதில் விழவே இல்லை.

ஆரம்பித்து வைத்தது மான்செஸ்டரின் பஸ்காக்ஸ் என்ற குழு. கடன் வாங்கிய 500 பவுண்டில், 1977 ஜனவரியில் 'ஸ்பைரல் ஸ்க்ராட்ச்' என்ற அவர்கள் தட்டு வந்தது. அது விற்ற விற்பில் மற்றவர்களுக்கும் தைரியம் வந்துவிட்டது. ஆனால் என் மனசுக்குப் பிடித்தவர்கள் டெஸ்பரேட் பைசிக்கிள்ஸ் குழு. முதல் தட்டுக்கு ஆன மொத்தச் செலவே 153 பவுண்டு. அதில் 500 பிரதிகள். இருந்தது இரண்டே பாட்டு, அந்த இரண்டையும் தட்டின் இரண்டு பக்கத்திலும் அப்படியே போட்டார்கள், பக்கத்துக்கு ஒன்றாகப் பிரித்தால் செலவு கூடுமே! தட்டு போடுவது சுலபம், மலிவு, நீங்களும் போய்ப் போடுங்கள் என்று பாட்டிலேயே கத்திச் சொன்னார்கள்.

போன மாதம் ஒரு கடையில் ஸ்க்ரிட்டி பொலிட்டி என்ற குழுவின் 'ஸ்காங்க் ப்ளாக் பொலோன்யா' தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். 1978. ஜெராக்ஸ் எடுத்த அட்டை, மடித்துச் செருகியிருக்கிறது. தட்டின் நடுவே அச்சடித்த லேபிள் கிடையாது, வெள்ளைத் தாளில் ரப்பர் ஸ்டாம்ப் குத்தியிருக்கிறார்கள். அட்டையில் நம் வீட்டுக் கல்யாணச் செலவு நோட்டு மாதிரி முழுக்கணக்கு: கேம்ப்ரிட்ஜ் ஸ்டுடியோவுக்கு 98 பவுண்டு, மாஸ்டரிங்குக்கு (பதிவை அச்சுக்குத் தயார் செய்ய) 40, 2500 தட்டு அச்சடிக்கத் தட்டுக்கு 13 பென்ஸ், ஸ்டாம்புக்கு 8 பவுண்டு. எங்கே போய் யாரிடம் கேட்கலாம் என்பதும் உண்டு. தொழில் ரகசியம் என்று எவரும் பொத்தி வைப்பதை இவர்கள் அட்டையிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு அந்த ஆறு நிமிஷப் பாட்டைவிட இந்தக் கணக்குதான் பெரிதாகப்படுகிறது. பாட்டும் மோசமில்லை. ஜமைக்கா ரெக்கே பாணியில் பேஸ் கிடார் கீழே நிதானமாக நடக்க, மற்ற கிடார் அதன்மேல் தள்ளாடிக்கொண்டே வரும்.

சரி, போட்ட தட்டை யார் விற்பது? லண்டனில் ரஃப் ட்ரேட் என்ற கடை குழுக்களிடமிருந்து நேராகவே வாங்கி, மற்ற ஊர்க் கடைகளுக்கும் அனுப்பிக்கொடுத்தது. ராத்திரி பிபிசி ரேடியோவில் ஜான் பீல் என்ற அறிவிப்பாளர் போடுவார். அவ்வளவுதான் விளம்பரம்.

இப்போது இவற்றில் சில தட்டுகளுக்கு நூறு பவுண்டுக்கு மேல் கேட்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போடலாம் என்று சொல்லப் பிறந்த தட்டைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள், எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சக் வார்னர் என்ற அமெரிக்கர் 'மெஸ்தெட்டிக்ஸ்' என்று தொகுத்துத் தந்த சிடிக்கள் புண்ணியத்தில், யாருக்கும் பெயர் தெரியாத குழுக்களை எல்லாம் கேட்க முடிகிறது. பாதி கேட்கச் சகிக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கார்டிஃபின் யங் மார்பிள் ஜயண்ட்ஸ் குழுவை மட்டும் நீ தவறாமல் கேள். தட்டு வந்தது 1980. சத்தமே போடாத பாட்டு, பாடும் பெண்ணின் குரல் அடுத்த அறையில் யாரோ தனக்குத்தானே பாடுவதாக இருக்கும். டிரம்ஸ் அடிக்க ஆளே இல்லை, வீட்டில் செய்த ஒரு டிரம் மெஷின்தான்.

அப்புறம், உன் மகன் செல்போனிலேயே பாட்டு ரெக்கார்ட் செய்கிறான், நல்ல மைக் வாங்கித் தந்தால்தான் வெளியிடுவேன் என்கிறான் என்று எழுதியிருந்தாயே. அவனுக்கு டெஸ்பரேட் பைசிக்கிள்ஸைப் போட்டுக் காட்டு. மைக்கைப் பற்றி அப்புறம் பேசலாம், இதுவரை செய்ததை முதலில் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். மார்ச்சில் திருச்சி வருகிறோம், டிக்கெட் போட்டதும் தேதி எழுதுகிறேன்.

அன்புடன்,
ரகு