போர்க்கால அடிப்படையில்

கொலம்பஸ், ஒஹையோ
16 நவம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் நான் ஒன்று சொன்னால் உங்கள் காதில் வேறொன்று விழுகிறது. போன வாரம் "ஆஃபீஸ்ல ராத்திரி முழுக்க வார் ரூம்ல இருந்தேன்" என்றதும் நீங்கள் பதறிப்போய் "எந்த ஊர்ல சண்டை?" என்று கேட்டீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது. அதனால்தான் கடிதம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

சண்டை எதுவும் இல்லை அப்பா. எங்கள் வாடிக்கையாளர் ஒருவருடைய பணம் கட்டும் வலைப்பக்கம் படுத்துவிட்டது. அப்படி ஆனால் இருபது பேரை ஒரே போன் அழைப்பில் சேர்த்து, சரியாகிற வரைக்கும் யாரையும் எழுந்திருக்க விடமாட்டார்கள். அதற்குப் பெயர்தான் வார் ரூம். ஆயுதம் லேப்டாப், ரேஷன் பீட்சா. சோழிங்கநல்லூரில் இருக்கிற எங்கள் டீமும் அப்படித்தான் சொல்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குக் கண்டுபிடித்தோம், அந்த வலைப்பக்கத்தின் பாதுகாப்புச் சர்டிஃபிகேட்டைப் புதுப்பிக்க யாரோ மறந்திருக்கிறார்கள். சேதம் என்று பார்த்தால் எனக்குத் தலைவலி மட்டும்தான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு வார், அதாவது போர் என்ற வார்த்தையின்மேல் அப்படி ஒரு பிரியம். புல்தரையில் டேன்டேலியன் என்று மஞ்சளாகப் பூக்கிற களை ஒன்று உண்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும், அதன் இலையைக் கீரையாகக்கூடச் சாப்பிடலாம். அதை ஒழிக்கிற மருந்து விளம்பரத்தில் ஒருவர் தெளிப்பானை எந்திரத் துப்பாக்கி மாதிரி பிடித்துக்கொண்டு நிற்கிறார். தொந்தியோடு போர், எறும்போடு போர், சாலைப் பள்ளத்தோடு போர். இனி டிசம்பர் பிறந்தால் டிவியில் 'கிறிஸ்துமஸ் மீதான போர்' ஆரம்பித்துவிடும். கடைக்காரர் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று சொல்லாமல் 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று சொல்லிவிட்டால் அது பண்டிகையின் மீதே தொடுத்த போராம். இருபது வருடமாக நடக்கிற இந்தப் போரில் கிறிஸ்துமஸுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. அக்டோபர் முடிவதற்குள் கடைகளில் மரத்தை நிறுத்திவிடுகிறார்கள்!

விளம்பரக்காரர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அதிபர்கள் போட்ட பாதைதான். 1964 ஜனவரியில் ஜான்சன் வறுமையின் மீது போர் அறிவித்தார். 1971-ல் நிக்சன் போதைப்பொருள் மீதும் புற்றுநோய் மீதும். 2001-ல் புஷ் பயங்கரவாதத்தின் மீது. இவர்களில் எனக்குப் பிடித்தவர் ஃபோர்டு. பழைய சாமான் சந்தை ஒன்றில் ஒரு டாலருக்கு ஒரு சிவப்பு பேட்ஜ் வாங்கினேன், இந்தக் கவரில் வைத்திருக்கிறேன் பாருங்கள். 'வின்' என்று அதில் இருக்கிற மூன்று ஆங்கில எழுத்துக்கு 'விப் இன்ஃப்ளேஷன் நௌ' என்று விரிவு. விலைவாசியை உடனே சாட்டையால் அடித்து விரட்டு என்று அர்த்தம். 1974 அக்டோபரில் ஃபோர்டு அதைக் கோட்டில் குத்திக்கொண்டு நாடாளுமன்றத்தில் பேசினார். விலைவாசிதான் நம் 'பொது எதிரி நம்பர் ஒன்' என்றார். மூன்று வருடத்துக்கு முன்னால்தான் நிக்சன் அதே பட்டத்தைப் போதைப்பொருளுக்குக் கொடுத்திருந்தார்! போருக்காக ஜனங்களிடம் ஃபோர்டு கேட்டது என்ன தெரியுமா? வீட்டுத் தோட்டத்தில் காய்கறி போடுங்கள், காரைக் குறைவாக ஓட்டுங்கள், தட்டில் மிச்சம் வைக்காதீர்கள். நீங்கள் எங்களுக்கு தினமும் சொன்னதுதான். விலைவாசி அசைந்து கொடுக்கவில்லை. குசும்புக்காரர்கள் பேட்ஜைத் தலைகீழாகக் குத்திக்கொண்டார்கள். அப்போது எழுத்து 'நிம்' என்று மாறும். உடனடி அற்புதம் எதுவும் கிடையாது என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம் அது.

நாம் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். மழைக்காலம் வந்தால் நம் பேப்பரில் 'வடிகால் பணிகள் போர்க்கால அடிப்படையில் நடைபெறுகின்றன' என்று ஒரு செய்தி வராமல் இருக்காது. நீங்கள் அதை உரக்கப் படித்துவிட்டு, "போர்க்காலத்துல ஒரு வேலையாவது ஒழுங்கா நடந்து நான் பார்த்ததில்லை. சோறு ஒரு பக்கம் போகும், நாங்க ஒரு பக்கம் நிப்போம்" என்பீர்கள். அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நிஜமான போர் வரும்போது அமெரிக்கர்களுக்கு இந்த வார்த்தை வாயில் வருவதில்லை. அரசியல் சட்டப்படி போரை அறிவிக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு. 1812 தொடங்கி இன்றுவரை அது 11 முறைதான் அறிவித்திருக்கிறது. கடைசியாக அறிவித்தது 1942 ஜூனில், பல்கேரியா, ஹங்கேரி, ருமேனியா மீது. அதற்குப் பிறகு ஒன்றுகூட இல்லை. கொரியாவில் முப்பத்தாறாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் சிப்பாய்கள் செத்தார்கள். இதை 'போலீஸ் நடவடிக்கை' என்று சொல்லலாமா என்று ஒரு நிருபர் கேட்க, அதிபர் ட்ரூமன் ஆமாம் என்றார். நம் ஊரில் 1948-ல் ஹைதராபாத்துக்குப் படை போனதற்கும் அதே பெயர்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வியட்நாமில் ஐம்பத்தெட்டாயிரம் பேர், அங்கேயும் ஒரு தீர்மானம்தான், போர் அறிவிப்பு இல்லை. இராக்குக்கும் அப்படியே. 1940-களின் கடைசியில் போர்த் துறை என்ற பெயரையே எடுத்துவிட்டுப் பாதுகாப்புத் துறை என்று வைத்தார்கள். இந்த செப்டம்பரில் ட்ரம்ப் 'போர்த் துறை' என்றும் அழைத்துக்கொள்ளலாம் என்று ஓர் உத்தரவு போட்டார். களைக்கொல்லிக்காரன் வைத்திருந்த வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள் என்று உங்கள் மருமகன் சொல்லிச் சிரித்தார்.

ஜான்சனும் நிக்சனும் அறிவித்த போர்கள் நடந்த இடத்தை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். போன மாதம் இலைகள் நிறம் மாறுகிற சமயத்தில் காரை எடுத்துக்கொண்டு 23-ஆம் எண் நெடுஞ்சாலையில் தெற்கே போனோம். ஒஹையோ ஆற்றங்கரையில் போர்ட்ஸ்மத் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் ஷூ தொழிற்சாலைகளும் இரும்பாலையும் இருந்த ஊர். அதெல்லாம் மூடிய பிறகு அங்கே முளைத்தவை வலி மாத்திரை எழுதிக் கொடுக்கிற கிளினிக்குகள். 'பில் மில்' என்று சொல்வார்கள், நம் அரிசி மில் மாதிரி மாத்திரை மில். உள்ளே போனால் பெரிய பரிசோதனை எல்லாம் கிடையாது, காசைக் கொடுத்தால் சீட்டு. போதைப்பொருள் மீதான போரில் எல்லையிலே கப்பலையும் விமானத்தையும் தேடிக்கொண்டிருந்தார்கள். இங்கே போதை டாக்டர் கையெழுத்தோடு மருந்துக்கடை வழியாக வந்துவிட்டது.

அந்தப் போரின் கணக்கையும் கேளுங்கள். 1986-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தூளாக இருக்கிற கொக்கைன் 500 கிராம் விற்க வைத்திருந்தால் என்ன தண்டனையோ, அதையே கட்டியாக்கிய கிராக் 5 கிராம் வைத்திருந்தாலே வரும், குறைந்தது ஐந்து வருடச் சிறை. தூளை வைத்திருந்தவர்களில் வெள்ளைக்காரர்கள் நிறைய, கட்டியோடு பிடிபட்டவர்கள் பெரும்பாலும் கறுப்பர்கள். நூறுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு 2010 வரை அப்படியே இருந்தது. இப்போது பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்திருக்கிறார்கள். போர் என்று சொல்லிவிட்டால் எதிரி என்று ஒருவன் வேண்டுமே. தூளைச் சிறையில் போட முடியாது, ஆளைத்தான் போட முடியும். இத்தனைக்கும் பிறகு 2021-லிருந்து 2023 வரை ஒவ்வொரு வருடமும் ஒரு லட்சத்துக்கு மேல் ஆட்கள் அளவு மீறிப் போதை ஏறிச் செத்தார்கள். எங்கள் நூலகத்தில் தீயணைப்பான் பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி இருக்கிறது. உள்ளே நலோக்சோன், மூக்கில் அடிக்கிற மருந்து. மூச்சு நின்றுகொண்டிருப்பவனை அது எழுப்பிவிடும். அந்தப் பெட்டியின் மேல் மட்டும் போர் என்று எதுவும் எழுதவில்லை.

அதே சாலையில் இன்னும் போய்க் கொஞ்சம் விலகினால் கென்டக்கி மலைகளுக்குள் ஐனெஸ். நிலக்கரி ஊர். 1964 ஏப்ரலில் ஜான்சன் அங்கே எட்டுப் பிள்ளைகளோடு வேலையில்லாமல் இருந்த ஒருவருடைய வீட்டுத் திண்ணையில் குந்தி உட்கார்ந்து பேசினார். வறுமைப் போரின் படம் என்றால் இன்றும் அந்தத் திண்ணைதான். நாங்கள் போனபோது பெட்ரோல் பங்கில் காபி குடித்தோம். மலை அழகு, கடைகள் பாதி மூடிக் கிடந்தன. "வறுமையின் மீது போர் தொடுத்தோம், வறுமை ஜெயித்துவிட்டது" என்று ரீகன் 1988-ல் கேலி செய்தார். எனக்கு அந்தக் கேலியில் உடன்பாடில்லை. 1964-ல் நூற்றுக்கு 19 பேர் ஏழைகள், 1973-ல் 11 பேர். ஏழைக் குழந்தைகளுக்குப் பள்ளி, கிழவர்களுக்கு மருத்துவம், ரேஷன் மாதிரி உணவு உதவி எல்லாம் அந்தக் காலத்தில் வேரூன்றியவை. அந்த உணவு உதவியில் இன்றைக்கு நாலு கோடிக்கு மேல் ஜனங்கள் சாப்பிடுகிறார்கள். இந்த மாத ஆரம்பத்தில் அரசாங்கம் முடங்கிக் கிடந்ததில் அது நின்றுபோனது. நான் சனிக்கிழமை வேலை செய்கிற இலவச உணவுக்கூடத்தில் வரிசை தெருமுனை வரைக்கும். என் வேலை வேர்க்கடலை வெண்ணெய் டப்பா எடுத்துக் கொடுப்பது. பத்தரை மணிக்கெல்லாம் தீர்ந்துவிட்டது.

அப்புறம் நிக்சனின் இன்னொரு போர். தேதியைக் கவனியுங்கள் அப்பா. 1971 டிசம்பர் 16 டாக்காவில் பாகிஸ்தான் படையினர் சரணடைந்தார்கள். சரியாக ஒரு வாரம் கழித்து, 23-ஆம் தேதி, நிக்சன் புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அணுவைப் பிளந்த மாதிரி, நிலாவுக்குப் போன மாதிரி முயற்சி வேண்டும் என்று அந்த வருட ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அதே டிசம்பரில் என்டர்பிரைஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலை வங்காள விரிகுடாவுக்கு, நீங்கள் யுத்தத்தில் இருந்த பக்கமாக, அனுப்பியவரும் இவர்தான். ஒன்றை மட்டும் மெச்சுகிறேன். கிருமி ஆயுதம் செய்துகொண்டிருந்த ஒரு ராணுவ ஆராய்ச்சிக்கூடத்தைப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கு மாற்றிக் கொடுத்தார். புற்றுநோய் சரணடையவில்லை. ஆனால் 1991-க்குப் பிறகு இங்கே அதனால் சாகிறவர்களின் விகிதம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நல்ல மருந்து, முன்கூட்டியே பரிசோதனை எல்லாம் காரணம்தான், ஆனால் ஜனங்கள் சிகரெட்டை விட்டதற்குப் பெரிய பங்கு உண்டு.

இதை எதற்கு இவ்வளவு விரிவாக எழுதுகிறேன் என்றால், ஆபீஸில் என் பக்கத்து இருக்கைக்காரிக்கு ஆகஸ்டில் மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. எல்லோரும் கையெழுத்துப் போட ஒரு கார்டு சுற்றி வந்தது. 'போராடு', 'நீ ஒரு வீராங்கனை', 'தோற்காதே' என்று முப்பது பேர் எழுதியிருந்தார்கள். இங்கே இரங்கல் செய்தியில்கூட 'நீண்ட போராட்டத்துக்குப் பின் தோற்றார்' என்றுதான் போடுகிறார்கள். எனக்குக் கை ஓடவில்லை. அம்மாவுக்கு வந்தபோது யார் கேட்டாலும் நீங்கள் "வைத்தியம் ஓடிட்டிருக்கு" என்றுதான் சொன்னீர்கள். அம்மா போன பிறகும் அவள் தோற்றாள் என்று நம் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதனால் கார்டில், 'செவ்வாய்க்கிழமைகளில் நான் கார் ஓட்டுகிறேன்' என்று மட்டும் எழுதினேன். இதுவரை ஐந்து செவ்வாய் ஆகிவிட்டது.

"எல்லாரும் என்னைச் சண்டைக்காரி என்கிறார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் சுடோகு போடுகிறேன். இதில் சண்டை எங்கே?" என்று அவள் கேட்டாள்.

போன செவ்வாய் நவம்பர் 11, முன்னாள் ராணுவத்தினர் தினம். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த கிழவர் வியட்நாம் என்று எழுதிய தொப்பி வைத்திருந்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் அவருக்கு நன்றி சொல்ல, அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். என் அப்பாவும் ராணுவத்தில் இருந்தவர், 1971 யுத்தத்தில் கிழக்கு வங்காளத்தில் இருந்தார் என்றேன். அவருக்கு அந்த யுத்தமே தெரியவில்லை. "அங்கே சேறா?" என்று மட்டும் கேட்டார். நீங்கள் அந்தப் போரைப் பற்றி எனக்குச் சொன்னது மொத்தமே ஒரு வாக்கியம்தானே, அதைச் சொன்னேன். "நடந்தோம், பூட்ஸைக் கழற்றவே இல்லை." அவர் தன் காலைப் பார்த்துக்கொண்டார். "கழற்றியிருந்தால் மறுபடி போட முடிந்திருக்காது" என்றார். அதற்குப் பிறகு அவர் எதுவும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. பீரோவில் இருக்கிற உங்கள் பூர்வி ஸ்டார் பதக்கத்தைச் சின்னவனுக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தில் காட்ட வேண்டுமாம்.

இப்போது ஒரு அவசர விஷயம். மருந்து ஏற்றிய மறுநாள் என் பக்கத்து இருக்கைக்காரிக்கு எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. நான் ரசம் கொடுத்துப் பார்த்தேன், அரை டம்ளர் குடித்தாள், ஆனால் காரம் தாங்கவில்லை. அம்மாவுக்கு அந்தச் சமயத்தில் அத்தை ஒரு ரசம் வைப்பாளே, புளி குறைவாக, எலுமிச்சை பிழிந்து. அதில் மிளகு போடுவாளா, சீரகம் மட்டும்தானா? அத்தையைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். வேண்டாம், கடிதம் வர நாளாகும். அத்தையையே எனக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள், செவ்வாய்க்கு முன்னால்.

அன்புடன்,
உங்கள் சின்னப் பொண்ணு